தெர்மாகோலில் குத்திய எழுத்துகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். வாடிப்பட்டி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நான் டாக்குமென்டரி எடுக்கிறவள். தயாரிப்பாளர், உதவியாளர் என்று யாரும் கிடையாது, கேமராவும் நானும்தான். நம் பக்கத்துப் பள்ளிகளுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்த காலத்தைப் படமாக்கிக்கொண்டிருந்தேன். ஆனையூரில் என் வீட்டுக்கு வருகிறவர்கள், அடுக்கியிருக்கும் பழைய கீபோர்டுகளைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எடைக்குப் போடலையா?" என்று அக்கறையாகக் கேட்பார்கள். அதற்கே எனக்குச் சுருக்கென்று வரும்.

அந்தத் தேடலில்தான் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எண்பதுகளில் அவர் வேலை பார்த்த பள்ளிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அதில் இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அதைப் பார்த்தாலே ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. வரைபடத் தாளில் எட்டுக்கு எட்டுப் புள்ளி வைத்து, ஒவ்வொரு தமிழ் எழுத்தாக வரைந்து, அதை மிஷினுக்குப் புரியும் எண்களாக மாற்றி, திரையில் தமிழை வரவழைத்துவிட்டார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அதில் ஏற்றிக் காட்டினாராம். தன் பெயரைத் திரையில் பார்த்த பிள்ளைகள் அதற்குப் பிறகு அந்த அறையை விட்டு நகரவே இல்லை என்று சிரித்தபடி சொன்னார்.

வரைபடத் தாள்களைக் கரையான் தின்றுவிட்டது. அந்த எழுத்துகள் இருந்தது பள்ளி பீரோவில் கிடந்த பழைய ஃபிளாப்பிகளில் மட்டும்தான். கறுப்பாக, சதுரமாக, வளைத்தால் வளையும் அந்தக் காலத்து டிஸ்க். அவற்றை இப்போதைய லேப்டாப்பில் படிக்க ஒரு பழைய டிரைவைத் தேடிப்பிடித்து வைத்திருந்தேன். தலைமையாசிரியருக்குப் போன் செய்தேன். "பத்திரமா இருக்கு மேடம். பொன்விழாவுக்கு வாரீங்கள்ல, டீச்சரையும் கூட்டிட்டு வாங்க. சர்ப்ரைஸ் ஒண்ணு இருக்கு" என்றார்.

சர்ப்ரைஸ் மேடையிலேயே இருந்தது.

தெர்மாகோலில் ஆளுயரத்துக்கு வெட்டிய 'ஐம்பது' எண். அதன் மேல் வரிசையாக, நெருக்கமாக, டீச்சரின் ஃபிளாப்பிகள். ஒவ்வொன்றும் நாலைந்து போர்டு பின்களால் குத்தப்பட்டு, பசை தடவி, தங்க ஜிகினா தூவப்பட்டிருந்தது. கீழே மேசையில் அந்தக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்தி மாலை.

தலைமையாசிரியர் ஓடி வந்தார். அவரும் டீச்சரிடம் படித்தவர்தான். அத்தனை பேர் முன்னாலும் டீச்சரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு என்னிடம் திரும்பி, "எப்படி மேடம்? இம்புட்டு வருசமா பீரோவுக்குள்ள கெடந்துச்சு. இன்னைக்குத்தான் அதுக்கு மரியாதை செஞ்சிருக்கோம்" என்றார்.

"சார், ஓட்டை போட்டா உள்ள இருக்கிறது அம்புட்டும் போயிருமே, யாருக்குமே தெரியாதா?" என்று கத்தினேன். மைக் செட்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "உள்ள ஒண்ணும் இல்ல மேடம். நாங்களும் யோசிச்சுத்தான் செஞ்சோம். ஒண்ண கிழிச்சே பாத்துட்டோம். ஒரு எழுத்துகூட இல்ல, வெறும் கறுப்பு பிளாஸ்டிக்."

கிழித்துப் பார்த்தார்களாம்! ஒரு போன் போட்டு என்னைக் கேட்டிருக்கலாம். வாடிப்பட்டியிலேயே இருக்கிற டீச்சரைக் கேட்டிருக்கலாம். மாலை வாங்க ஆள் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இது தோன்றவில்லை.

டீச்சர் அந்தத் தெர்மாகோல் எண்ணைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, "அடப்பாவி, ஒம்பேரும் அதுக்குள்ளதான்டா இருந்துச்சு" என்றார். தலைமையாசிரியரின் முகம் அப்போதுதான் மாறியது. அவர் பதில் சொல்வதற்குள் சிறப்பு விருந்தினரின் கார் வந்துவிட்டது. அவர் அந்தப் பக்கம் ஓட வேண்டியதாகிவிட்டது.

போர்டு பின் குத்தாமல் ஓரத்தில் தப்பிய ஒன்றிரண்டைப் பிடுங்கி டிரைவில் போட்டுப் பார்த்தேன். பசை உள்ளே இறங்கியிருந்தது. கரகரவென்ற சத்தம் மட்டும்தான் வந்தது.

"விடும்மா. ஒரு சாக்பீஸ் எடு. நான் போட்டுக் காட்டுறேன், நீ படம் புடி" என்றார் டீச்சர். காலியாக இருந்த வகுப்பறைக்குள் போனோம். கரும்பலகையில் கட்டம் கிழித்து, புள்ளி புள்ளியாக நிரப்பினார். 'த' வந்தது. 'மி' வந்தது, கொக்கி கொஞ்சம் நெருக்கமாக. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே மைக்கில் பள்ளியின் பெருமைகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

'ழ்' வரவில்லை. போட்டார், அழித்தார். மறுபடி போட்டார், மறுபடி அழித்தார். "இத எட்டுப் புள்ளிக்குள்ள அடக்க அம்புட்டு மல்லுக்கட்டுனேம்மா. ஏதோ ஒரு எடத்துல புள்ளிய எடுத்துட்டேன். எங்கன்னுதான் தெரியல." சேலை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். கேமராவுக்குப் பின்னால் நான் அழுதுகொண்டிருந்தேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"புதுசா ஒண்ணு போட்டுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"போடலாம். ஆனா அது அன்னைக்குப் புள்ளைக பார்த்தது இல்லையே" என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

படத்தில் அதை அப்படியேதான் வைத்தேன். 'த', 'மி' வரும். அடுத்து திரை கறுத்துவிடும். திரையிடும் இடங்களிலெல்லாம் யாராவது ஒருவர் புரொஜக்டர் போய்விட்டதென்று எழுந்து பார்க்கிறார். தலைமையாசிரியர் ஒருநாள் போன் செய்து, தயங்கித் தயங்கி, அந்த இடத்தில் பொன்விழா ஃபோட்டோ ஒன்றைப் போட்டால் நன்றாக இருக்குமே என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் கும்பிடுகிற பொருளுக்குள் என்ன இருக்கிறதென்று ஒரு வார்த்தை கேட்காத மரியாதையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அந்த எழுத்து இருக்க வேண்டிய இடம் இருட்டாகவே இருக்கட்டும்.