முரண்டு பிடிக்காத தேதிகள்

பால் பாக்கெட்டை வாங்கியதும் அவர் கை முதலில் தேடுவது கத்தரிக்கோலை அல்ல, பேனாவை. அச்சடித்த தேதிக்குக் கீழே மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதி, அடிக்கோடிட்டு, அதன் பிறகே பாக்கெட்டை அடுப்படிக்குள் அனுமதிப்பார். "மோந்து பாத்தா தெரிஞ்சுடப் போகுது, இதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்பார் மனைவி. "மூக்குக்கு மாசம் தெரியாதும்மா" என்பது இவர் தீர்ப்பு.

அலுவலகத்தில் இவருக்குப் பெயர் காலண்டர். இணையதளங்களுக்குப் பின்னால் தகவல்களை அடுக்கிவைக்கும் டேட்டாபேஸ் இவர் பொறுப்பு. "காலண்டர் சார், ஏழாந்தேதிக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டால் போச்சு.

"எந்த மாசத்து ஏழு? எண்ணுல வேணாம், எழுத்துல எழுதிக் குடு."

"சார், வேலைதானே கேட்டேன்? வீட்டுப் பத்திரம் எழுதற மாதிரி பயமுறுத்துறீங்க!"

எல்லோரும் சிரிப்பார்கள். இவர் மட்டும் காகிதம் வரும்வரை கை நீட்டியபடி இருப்பார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு இவரும் எண்களை நம்பியவர்தான். அப்போது ஒரு கண் மருத்துவமனையின் முன்பதிவுத் தளத்தைப் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றினார். பழையதில் நாள் முன்னால், மாதம் பின்னால். புதியதோ முதலில் வருவதை மாதம் என்று எடுத்துக்கொண்டது. இருபத்தேழாவது மாதம், முப்பதாவது மாதம் என்றெல்லாம் வந்தபோது அது முரண்டு பிடித்தது. காலண்டர் காரணம் கேட்கவில்லை. முரண்டு பிடித்த தேதிகளை மட்டும் இடம் மாற்றிப் படிக்கச் சொல்லி ஒரு வரி எழுதினார். தன் பிறந்தநாளைப் போட்டுச் சோதித்தார். இருபத்தேழாம் தேதி, கச்சிதமாக வந்தது. திருப்தியாக டீ குடிக்கப் போனார். பன்னிரண்டுக்கு உட்பட்ட நாள்களோ, ஒரு புகாரும் இல்லாமல் மாதங்களாகிவிட்டன.

மருத்துவமனை வரவேற்பறையில் மூன்று நாள் களேபரம். நான்காம் நாள் எல்லாவற்றையும் சரிசெய்தார். 'பாதிப்பு ஏதுமில்லை' என்று அறிக்கை போனது. மேலாளர் கைகுலுக்கினார்.

அந்த மூன்று நாளுக்குள் தளத்தைத் திறந்து பார்த்தவர்களில் இவருடைய அக்காவும் ஒருவர். இடது கண்ணுக்கு மார்ச் நான்காம் தேதி அவசர சிகிச்சை. தளம் ஏப்ரல் மூன்று என்றது. "இவ்வளவு தள்ளியா?" என்று கணவர் இழுத்தாராம். "தம்பி செஞ்சதுங்க, தப்பாவா இருக்கும்?" என்று அக்கா குறித்துக்கொண்டார். ஏப்ரலில் போனபோது, ஒரு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். பார்வை திரும்பவில்லை. மார்ச் நான்குக்கு நேரே 'வரவில்லை' என்ற சொல் மட்டும் பதிவில் நிற்கிறது. அதை மாற்ற ஒரு வரி போதும். காலண்டர் அந்த வரியைப் பலமுறை தட்டச்சு செய்து, பலமுறை அழித்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில், எதிர்வீட்டுக்காரரிடம் அக்காவின் கணவர் வழக்கமான கதையை எடுத்தார். "ஒரு தேதியை ஒழுங்கா பாக்கத் தெரியாம கண்ணையே விட்டுட்டா சார், இவ."

"மங்கலா இருந்துச்சுல்ல, மாத்திப் பாத்துட்டேன்" என்று அக்காவும் சிரித்தார். நான்கு வருடமாகச் சொல்லிச் சொல்லி அது அவருக்கே உண்மையாகிவிட்டிருந்தது.

"மாமா, அது அக்கா தப்பு இல்ல" என்றார் காலண்டர்.

"பின்ன யாரு, டாக்டர் தப்பா?"

அக்கா தம்பியின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பித் தேடினார். இவர் உட்கார்ந்திருந்தது அவருடைய இடது பக்கம். எழுந்தார். நாற்காலியைத் தரையில் கிறீச்சிட இழுத்துக்கொண்டு அக்காவைச் சுற்றி வந்து, வலது பக்கம், தன் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும்படி போட்டு உட்கார்ந்தார்.