திருகாணி தேடிய ஆள்

எங்கள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் யாராவது மாட்டிக்கொண்டால் முதல் போன் இவருக்குத்தான் வரும். தட்டில் கையை வைத்திருந்தாலும் அப்படியே உதறிவிட்டு எழுந்து ஓடுவார். உள்ளே இருப்பவர் பயந்துபோய் நாலு கத்துக் கத்தி முடிப்பதற்குள் கதவு திறந்துவிடும். வேலையில் அவ்வளவு சுறுசுறுப்பு. அதே மனுஷன் கையில் ஒரு கேமராவைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு படம் எடுப்பதற்குள் பக்கத்தில் நிற்பவருக்குத் தலை நரைத்துவிடும். எனக்கு நரைத்தே விட்டது.

புகைப்படக் கழகத்தில் இவருக்கு முக்காலி என்று பெயர். மூன்று கால் ஸ்டாண்டில் ஏற்றாமல் இவர் ஒரு படம்கூட எடுத்ததில்லை. காக்கை பறந்தாலும் சரி, கார் மோதினாலும் சரி, முதலில் ஸ்டாண்டை விரிக்க வேண்டும், மட்டம் பார்க்க வேண்டும், ஒவ்வொரு காலாக இறுக்க வேண்டும். அதற்குள் காக்கை அடுத்த ஊருக்குப் போயிருக்கும். "முக்காலி சார் கிளம்பிட்டாரா?" என்று என்னிடமே போனில் கேட்பார்கள். கட்டிக்கொண்ட பாவத்துக்கு நானும், "கிளம்பிட்டே இருக்காரு" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நூலகத்து மாடி அறையில் கழகம் கூடும். தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் பறவைகளை மட்டும்தான் எடுப்பார், அதிலும் மீன்கொத்தி என்றால் உயிர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்து அலுத்துப்போய் ஞாயிற்றுக்கிழமை அலகைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் மாடிப்படிகளாக எடுத்துத் தள்ளுவாள். ஒரு படியில்கூட மனுஷர் யாரும் இருக்க மாட்டார்கள். எல்லாரும் சேர்ந்து வெளியே கிளம்பினால், பளீரென்று வெயில் அடிக்கும், "லைட் சரியில்ல" என்று ஒரே குரலில் சொல்வார்கள். சாயங்காலம் இருட்டி எனக்கு வழி தெரியாமல் போகும்போது, "ஆகா, இப்பதான் லைட் வருது" என்பார்கள். நான் வாரம் பூராவும் மருந்துக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமையும் இவர்களோடு நின்றுகொண்டே இருப்பேன். குடை பிடிக்க, பை தூக்க, தெருநாயை விரட்ட ஒரு ஆள் வேண்டுமே.

கழகத்தில் ஒரு விதி உண்டு. வீட்டு ஆட்களின் படத்தைக் கொண்டுவரக் கூடாது. விட்டால் ஆளாளுக்குப் பேரன் பேத்தியை எடுத்துக் குவித்துவிடுவார்கள் என்ற பயம். மற்றவர்கள் அந்த விதியை மாடி அறையோடு விட்டுவிட்டு வருவார்கள். அதை வீடு வரைக்கும் கொண்டுவந்த ஒரே புண்ணியவான் இவர்தான். எங்கள் மகள் முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போன அன்றைக்கு எடுத்த படம் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது பள்ளிக்கூடத்துக் கம்பிக் கதவின் நிழல். என்னுடைய படம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், வயிற்றெரிச்சல்.

இத்தனை பாடும் எதற்காக? அந்த மாடி அறையில் ஒரு சுவர் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அதில் மாட்டுவார்கள். வெளியிலிருந்து ஒரு நடுவர் வருவார், யார் எடுத்தது என்று அவருக்குச் சொல்ல மாட்டார்கள். ஜெயித்தவர் எழுந்துபோய் மைக்கில் 'எடுத்த கதை'யைச் சொல்ல வேண்டும். அந்தச் சுவரில் பல் டாக்டரின் மீன்கொத்திகள் இருக்கின்றன, மாடிப்படிகள் இருக்கின்றன, கழகத்தில் நேற்று சேர்ந்தவன் எடுத்தது இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் எடுத்தது ஒன்றுகூட இல்லை. சட்டை துணிக்கு ஆசைப்படாத மனுஷன், சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் வாய் திறக்காத மனுஷன், ஆசைப்பட்டது அந்த ஒரு சுவருக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் முடிவு சொன்னதும் முதல் ஆளாகக் கை தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். பார்க்க எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் விடிந்தும் விடியாமல் பேருந்து நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பஸ் விளக்கு வெளிச்சம் மழைத் தண்ணீரில் விழுவதை எடுக்க வேண்டுமாம். கேமராவுக்கு நான் குடை பிடித்தேன். எனக்கில்லை, கவனியுங்கள், கேமராவுக்கு. அவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டார். எல்லாம் சரிசெய்து முடித்த நேரத்தில் ஸ்டாண்டின் மூன்றாவது காலை இறுக்கும் திருகாணி கழன்று உருண்டுபோய் எதிரே தேங்கிய தண்ணீருக்குள் விழுந்தது.

"கால விட்டுடாத, புடிச்சுக்க!" என்று சொல்லிவிட்டு, கேமராவுக்கு எதிரே போய்க் குனிந்து தேட ஆரம்பித்தார். தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். நான் ஒரு கையில் ஸ்டாண்டின் காலும், இன்னொரு கையில் குடையுமாக நின்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்தில் அவர் காதில் எதுவும் விழவில்லை. அப்போது ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பியது. தண்ணீரெல்லாம் வெளிச்சமாகி, அது அவர் முதுகு வரைக்கும் வந்தது. இந்த மனுஷன் ஆயுசு பூராவும் இப்படித்தான் எங்கேயாவது குனிந்து கிடக்கிறார் என்று தோன்றியது. மனசு கேட்கவில்லை. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பட்டனை அமுக்கிவிட்டேன்.

அவர் திருகாணியோடு வந்தார். அதற்கப்புறம் பஸ், மழை, ஷீட்டும் குடையுமாகப் போகிற வருகிற ஆட்கள் என்று நூறு படம் எடுத்துத் தள்ளினார். நான் எடுத்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கேமராவை ஏன் தொட்டாய் என்று பாடம் ஆரம்பித்துவிடும்.

இந்த வருஷப் போட்டிக்குப் படம் பொறுக்கும்போது, "இங்க வா, இதப் பாரு" என்று கூப்பிட்டார். பார்த்தால் அதே படம். "எப்ப எடுத்தேன்னே ஞாபகம் இல்ல. நல்ல படம்னா அப்படித்தான், தானா வந்து அமையும்" என்றார். தானா வந்ததாம்! வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு களை இல்லை. மகளிடம் போனில் சொன்னதற்கு, "அம்மா, தயவுசெஞ்சு வாயத் திறக்காதீங்க, அப்பா பாவம்" என்றாள். சரி, போய்த் தொலையட்டும், இந்த ஒரு தடவை சுவரில் ஏறட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

ஏறிவிட்டது. நடுவர் அந்தப் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். "முக்காலி! முக்காலி!" என்று அறையே அதிர்ந்தது. பெரிய திரையில் படத்தைப் போட்டார்கள். இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் படத்துக்காக நான் ரொம்ப நேரம் காத்திருந்தேன்," என்று ஆரம்பித்தார். காத்திருந்தது யார் என்று எனக்குத் தெரியாதா? நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ஒரு ஆள் வருவான்னு உள்ளுக்குள்ள ஏதோ சொல்லிச்சு. வந்தான். குனிஞ்சான். அமுக்குனேன்." கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்த ஆளு அங்க என்ன பண்றாரு?" என்று நடுவர் கேட்டார். அதோடு இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"எதையோ தொலைச்சிட்டுத் தேடுறான் சார். அது முக்கியம் இல்ல. அந்த முதுகப் பாருங்க. கொட்டுற மழையில தன்னந்தனியா நிக்கிறான். அவனுக்குன்னு உலகத்துல ஒருத்தரும் இல்ல. ஏன்னு கேக்க நாதி இல்ல. அதத்தான் நான் புடிச்சேன்."

அவ்வளவுதான். நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"ஏன், நான் ஒருத்தி அங்க குத்துக்கல்லாட்டம் நிக்கல? உங்க கேமராவுக்குக் குடை புடிச்சுக்கிட்டு, தொப்பலா நனைஞ்சுக்கிட்டு நிக்கல? நாதி இல்லையாம், நாதி! அது நீங்கதாங்க! திருகாணியத் தேடிட்டு இருந்தீங்க!"

அவர் திரும்பித் திரைக்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். தன் முதுகை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? அதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள் நான்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். மைக் கையிலேயே இருந்தது.

"அன்னிக்கு நீயும் வந்திருந்தியா?"

"வந்திருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இதைச் சொல்லவா எழுந்தோம், சொல்லி அவர் பிழைப்பைக் கெடுத்ததுதான் மிச்சம் என்று இருந்தது.

மாடிப்படிப் பெண் மெதுவாக, "அப்ப எடுத்தது அக்காதான்" என்றாள். உறுப்பினர் எடுத்த படம்தான் சுவரில் ஏறும் என்று ஒருவர் சொன்னார். அதோடு படத்தில் இருப்பது வீட்டு ஆள் என்றார் இன்னொருவர். யாருடைய வீட்டு ஆள் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. பல் டாக்டர் எல்லாரையும் கையமர்த்திவிட்டு இவரிடம் போனார்.

"முக்காலி, ஸ்டாண்டு போட்டது நீங்க, செட்டிங் வெச்சது நீங்க. பட்டன யாரு அமுக்கினா என்ன? உங்க பேர்லயே மாட்டிடுவோம். யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

யாரும் சொல்லவும் இல்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் அவரைப் பார்த்து, சரி என்று சொல்லுங்கள் என்று தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினேன்.

அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல டாக்டர். நான் பாத்தது பஸ்ஸ. ஆளப் பாத்தது அவ," என்றார். அப்புறம் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "கதையில ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். அந்த ஆளுக்கு ஒருத்தி இருக்கா. கூடவேதான் நிக்கிறா. அவனுக்குத்தான் அது தெரியல."

மைக்கை டாக்டரிடம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டில் ஒருநாள், ஒரே ஒருநாள், இதைச் சொல்லியிருக்கிறாரா இந்த மனுஷன்? ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு மைக்கில்தான் சொல்ல வேண்டுமா? அதுவும் கைக்கு வந்த சுவரைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டுமா?

இரண்டாவதாக வந்த படத்தைத் திரையில் போட்டார்கள். வேறென்ன, மீன்கொத்திதான். அதைச் சுவரில் மாட்ட டாக்டர் தயங்கித் தயங்கி எழுந்தார். எங்கள் வீட்டுக்காரர்தான் முதல் ஆளாகக் கை தட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. எல்லாரும் ஓய்ந்த பிறகும் அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.

"போதும், சும்மா இருங்க" என்று அவர் கை இரண்டையும் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.