கோப்பை விடாதவர்

அந்தக் கட்டுமான நிறுவனத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பூட்டு’. வேலை, கட்டட வரைபடம் போடுவது. வரைபடங்கள் எல்லாம் தலைமை அலுவலகத்து சர்வரில் இருந்தன. அவர் தன் வீட்டு முன்னறையிலிருந்து அவற்றைத் திறப்பார். கட்டடம் எழும் இடத்தில், தகரக் கொட்டகையிலிருந்து சைட் இன்ஜினியர் பெண் திறப்பாள். ஒரே ஒரு நிபந்தனை. ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை மற்றவர் பார்க்கலாம், தொடக் கூடாது. தொட வேண்டுமானால் போன் போட்டு, விடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பூட்டு எதையும் மூடுவதில்லை. மறதி என்று அலுவலகம் நினைத்தது. சுவரின் கனத்தை இம்மி பிசகாமல் போடுகிறவர் கோப்பை மட்டும் எப்படி மறக்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் போனுக்காகத்தான் மறந்தார். மகளின் பிரசவத்துக்கு என்று போன மனைவி, பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அங்கேயே இருக்கிறார். சண்டை ஒன்றுமில்லை. இருந்திருந்தால் சமாதானம் பேசவாவது யாராவது வந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேத்தியின் நெற்றி தெரியும், அப்புறம் மின்விசிறி தெரியும். மற்ற நாட்களில் அந்த வீட்டில் வாய் திறப்பது குக்கர் மட்டுமே.

போன் வந்தால் உடனே எடுக்க மாட்டார். காத்திருந்தது தெரிந்துவிடுமே.

“சார், மாடிப்படி ஃபைல்ல இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. ஏன்?”

“ஏனா? ஒரு வாரமா உள்ளயே குடித்தனம் பண்றீங்க. வாடகை கேக்கப் போறாங்க.”

“படிக்குக் கீழ நல்லா காத்து வருதும்மா.”

“மேஸ்திரி முறைக்கிறாரு சார். விடுங்க.”

“இரும்மா, சேவ் பண்ணிக்கறேன்.”

சேமிக்க ஒன்றும் இருக்காது. ஆனால் அது முடியும்வரை அவள் போனை வைக்க மாட்டாள். அதற்குள் அங்கே மழை உண்டா, மேஸ்திரிக்குப் பல்வலி தேவலையா என்று விசாரித்துவிடுவார்.

ஒருநாள் மாடிப்படியைத் திறந்து வைத்துவிட்டு முடி வெட்டப் போனார். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. கூப்பிட்டு அலுத்துப்போனவள், கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து, படிக்கு மேலே வரும் உத்தரத்தை நகலில் உயர்த்தினாள். மறுநாள் அவள் விடுப்பு. அலுவலகம் வழக்கம்போல் பழைய கோப்பையே அச்செடுத்து அனுப்ப, மேஸ்திரி அதன்படியே கான்கிரீட் போட்டார். பார்வையிட வந்த முதலாளி நெட்டையான மனிதர். தவறை முதலில் கண்டுபிடித்தது அவருடைய நெற்றி.

அவர் யாரையும் திட்டவில்லை. அதைவிட மோசமாக, முறையையே மாற்றிவிட்டார். இனி எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் வேலை செய்யலாம். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். சேமிக்கக்கூட வேண்டாம், அது தானே சேமித்துக்கொள்ளும்.

பூட்டு பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் திறந்தே வைத்திருந்தார். யாருக்கும் அது இடைஞ்சலாக இல்லை. அவளுடைய பச்சை அம்புக்குறி அவருடையதன் பக்கத்திலேயே வந்து நிற்கும், ஒரு கோட்டைத் திருத்தும், போய்விடும். முன்பு இத்தனை நெருக்கமாக வேலை செய்ததுமில்லை, இத்தனை பேசாமல் இருந்ததுமில்லை.

கடைசியில் அவரே கூப்பிட்டார்.

“சொல்லுங்க சார். என்னாச்சு?”

காரணம் ஒன்றைத் தயார் செய்துகொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“மாடிப்படி ஃபைல்ல இருக்கியாம்மா?”

“ஆமா. நீங்களும்தான் இருக்கீங்க, பேரு தெரியுதே. இப்பதான் யாரும் விட வேண்டாமே சார்.”

“வேண்டாம்தான்.”

அந்தப் பக்கம் கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு எங்க சார் போயிட்டீங்க? எத்தனை தடவை அடிச்சேன்!”

“முடி வெட்ட.”

“இருக்கற நாலு முடிக்கா?” என்று சிரித்தாள். பிறகு, “சேவ் பண்றேன் சேவ் பண்றேன்னு இழுப்பீங்களே, அப்படி என்ன சார் சேவ் பண்ணுவீங்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

இயந்திரச் சத்தத்துக்கு மேலே யாரோ அவளை அழைத்தார்கள்.

“மேஸ்திரி கூப்பிடறாரு சார். வைக்கட்டுமா?”

“இரும்மா,” என்றார். “சேவ் பண்ணிக்கறேன்.”

புது முறையில் அதற்கு ஒரு பொத்தான்கூடக் கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

“சீக்கிரம் சார்,” என்றாள். வைக்கவில்லை.