ஃபைலில் நின்ற ஒரே தேதி

பகலில் மந்தைவெளியில் ரவிக்கை தைப்பாள் ஜஹனாரா. மாலையானால் மயிலாப்பூரில் கம்ப்யூட்டர் வகுப்பு. நாற்பது வயதில் இவளுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று அக்கம்பக்கம் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் கணவன் இனாயத்துக்கு வலிப்பு வந்ததிலிருந்து வாசலில் ஆட்டோ தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. சிரித்தவர்கள் யாரும் அதை ஓட்டிக் கொடுக்க வரவில்லை.

அது அவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டிய ஆட்டோ. "மாத்திரைக்குக் கேக்குதான்னு பாக்கணும். வலிப்பு வர்ற தேதியெல்லாம் குறிச்சு எடுத்துட்டு வாங்க. அது நிக்காம வண்டியத் தொடக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

குறிப்பதில்தான் சிக்கல். நோவை எழுதி வைத்தால் அது வீட்டை விட்டுப் போகாது என்பது மாமியார் ஜைதூன் பீயின் நம்பிக்கை. காலண்டரில் ஜஹனாரா போட்ட முதல் வட்டத்தையே அந்த அம்மாள் தாளோடு கிழித்துவிட்டாள். அப்போது வகுப்பில் சி மொழி நடந்துகொண்டிருந்தது. எண்டர் தட்டினால் அன்றைய தேதியை ஒரு ஃபைலில் எழுதும் சின்ன புரோகிராம் ஒன்றை ஜஹனாரா எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு முறை இனாயத் விழுந்து எழுந்ததும், பிஸ்மில்லா சொல்லிப் பழைய லேப்டாப்பில் தட்டுவாள். ஃபைலை மட்டும் திறக்கவே மாட்டாள். மாமியாரின் பயம் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இனாயத்துக்கோ எதுவும் நினைவில் நிற்பதில்லை. "கண்ணு அசந்துட்டேன், அதுக்குப் போயி ஊரக் கூட்றியே" என்பான்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் நெருங்கியதும், வேறு வழியில்லாமல் ஃபைலைத் திறந்தாள். ஒரே ஒரு தேதி இருந்தது. எத்தனையோ தடவை தட்டியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த இனாயத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, ஒண்ணே ஒண்ணுதான் கீது! நான் சொன்னா நம்புனியா நீ?" என்றவன், தார்ப்பாயை விலக்கி ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் அன்றுதான் சிரித்தான்.

மாலை லேப்டாப்பை வகுப்புக்கு எடுத்துப் போய், ஜஹனாரா புரோகிராமை வரிவரியாகப் பார்த்தாள். தேதியை எடுக்கும் வரியைச் சந்தேகப்பட்டாள். அது சரியாக இருந்தது. ஃபைலை மூடும் வரியும் இருந்தது. வேறொரு பெயரில் ஃபைல் கொடுத்து இரண்டு முறை ஓட்டினாள். அதிலும் ஒரே வரிதான் நின்றது.

பாடம் எடுக்கும் மேகலா வந்து குனிந்து பார்த்தாள். "திறக்கிற எடத்துல டபிள்யூ போட்டிருக்கீங்கக்கா. அது ஒவ்வொரு தடவையும் பழசத் தொடச்சிட்டுத்தான் எழுதும். அடியில சேக்கணும்னா ஏ போடணும்."

எழுதத்தானே போகிறோம் என்று ‘ரைட்’டின் முதல் எழுத்தைப் போட்டிருந்தாள். மாற்றிவிட்டு ஓட்டினாள்; வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. ஆனால் அழிந்த தேதிகள் அழிந்தவைதாம். வீட்டுக்குப் போய் இனாயத்துக்கும் அந்தச் சோதனை ஃபைலிலேயே அதைச் செய்து காட்டினாள். அவன் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த ஒற்றைத் தேதியைப் பார்த்து, "ஒரு தடவைதானா? பரவாயில்லையே" என்றார். இனாயத் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவன் கண்கள் அவளிடம் அதைத்தான் கெஞ்சின.

"இல்லீங்க டாக்டர். நெறைய தடவ வந்துச்சு. நான் எழுதுன புரோகிராம்ல தப்பு, பழசெல்லாம் அழிஞ்சிருச்சு. தேதி சொல்ல முடியாது. ஆனா வந்துச்சு."

டாக்டர் மாத்திரையை மாற்றினார். வண்டிப் பேச்சே கூடாது என்றார். திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தும் இனாயத் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தான். "கம்ப்யூட்டரே ஒண்ணுன்னு சொல்லுது, உனக்கு இன்னா வந்துச்சு?" என்று இறங்கும்போது கேட்டான். அப்புறம் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

அந்த வாரமே ஒரு நாள், வகுப்பு முடிந்து வந்தவள் அவன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது. மாமியார் கடைக்குப் போயிருந்தாள். திரையில் ஃபைல் திறந்திருந்தது. பழைய தேதிக்குக் கீழே அன்றைய தேதி.

"நான்தான் போட்டேன்" என்றான் இனாயத். "முழிச்சப்ப தரையில கெடந்தேன். நாக்கக் கடிச்சிருந்தேன். சும்மா தூங்குனா நாக்கக் கடிச்சுக்க மாட்டாங்க இல்ல?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"ஜஹனாரா, புள்ளைங்கள ஏத்திக்கினு போறப்ப வந்திருந்தா?"