வெள்ளிக்கிழமை ராகு காலமும் தனபாக்கியம் அம்மா கேஸும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவது வரைக்கும் படித்தவன், வக்கீல் குமாஸ்தாவாகவே காலம் போனது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வக்கீல் ஐயா எம்.எல்.ஏ. ஆன பிறகும் கோர்ட்டை விடவில்லை. சட்டசபை நடக்கும் நாட்களில் அவருக்குப் பதிலாக சிநேகித வக்கீல் ஒருவர் ஆஜராவார். கேஸ் கட்டை அவர் கையில் சேர்ப்பது என் வேலை.

தனபாக்கியம் அம்மா பட்டு நெய்கிறவர், கணவர் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் கேஸ் போட்டிருந்தார். தறியும் அந்த வீட்டுக்குள்தான். பதிலுரை கொடுக்கக் கடைசி வாய்தா ஒரு வெள்ளிக்கிழமை. ஐயா முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, "பத்தரைக்கே கூப்டுடுவாங்கபா, முன்னாடியே போயிடு" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனார்.

வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அந்த நேரத்தில் புதுப் பேப்பர் தாக்கல் செய்வதில்லை என்பது என் பழக்கம். எப்படியும் பன்னிரண்டுக்கு மேல்தான் கூப்பிடுவார்கள் என்று நானே முடிவு செய்தேன். அந்த அம்மாவை கோர்ட் வாசல் மரத்தடியில் உட்காரவைத்து, "நான் வர்ற வரைக்கும் உள்ள போவாதீங்கமா" என்றேன். கட்டோடு அம்மன் கோயிலுக்குப் போய், செல்லை அணைத்துவிட்டுக் கும்பிட்டேன்.

திரும்பி வந்தபோது மரத்தடியில் அவர் இல்லை. சிநேகித வக்கீல்தான் நின்றார்.

"கோர்ட் டபேதார் மூணு வாட்டி பேர் சொல்லிக் கூப்ட்டாரு. கையில பேப்பர் இல்லாம நான் இன்னாத்த சொல்றது? எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு, நாம வரலன்னு வீட்டுக்காரர் பக்கமே தீர்ப்பு. அந்தம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. அம்மனே வந்து ஆஜராவும்னு பாத்தியா?"

சாயந்திரம் ஐயா போன் செய்தார். "எங்கபா இருந்த?"

"கோயில்ல ஐயா."

"திங்கக்கிழமை மனு போட்டு ரத்து பண்ணிடலாம். பயப்பட வேணாம்னு அந்தம்மா கிட்ட இப்பவே போய்ச் சொல்லிடு" என்றார்.

நான் போகவில்லை. முகத்தில் எப்படி விழிப்பது என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

திங்கள் காலை ஐயாவோடு போனேன். தறி கழற்றித் தெருவில் கிடந்தது.

"வீட்டுக்காரர் ஆளுங்க வந்து, உன் வக்கீல் எம்.எல்.ஏ., உனக்காக வருவாராமான்னு கேட்டாங்க சாமி. எனக்கும் வரமாட்டீங்கன்னுதான் தோணுச்சு. நேத்து காலி பண்றேன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார் அந்த அம்மா.

ஐயா என்னைப் பார்க்கவில்லை. "தப்பு என்னுதும்மா" என்றார். நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த தேர்தலில் நெசவாளர் தெருக்களில் இதுதான் பேச்சு: "சட்டசபைக்குப் போனவரு, நமக்கு ஆஜராவாரா?" ஐயா தோற்றார். கடைசிவரை என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இப்போது அவரும் இல்லை.

தினமும் அம்மனைக் கும்பிடுகிறேன். ஆனால் கட்டு கையில் இருந்தால் முதலில் கோர்ட்டுக்குப் போங்கள். அம்மன் காத்திருப்பாள், டபேதார் காத்திருக்கமாட்டார்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் மாற்றவேண்டாம். அன்றைக்கு வராதவர் வக்கீல் இல்லை, குமாஸ்தா என்றே சொல்லுங்கள்.