இரண்டாம் நம்பர் நிறம்

1. பேனா மெஷின்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குத் திருநீறு பூசி, முருகனைக் கும்பிட்டுத்தான் முன்னால் உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்புதான் படித்த கிராணி நான், ஆபீஸ் குமாஸ்தா. ஆனாலும் புது ரகச் செடிகளின் சோதனைக் கணக்கு என் பொறுப்பு. மூன்று வருடம் வளர்த்த இரண்டு துண்டு நிலத்தில் எதை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்குவது என்று எஸ்டேட் மேனேஜரான துரை என் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

கணக்குப் புரோகிராமில் பார் சார்ட் போட்டேன். கொழுந்து அள்ளிக் கொடுத்த மேல் துண்டுக்குக் குங்குமச் சிவப்பு, நம்பர் 2. நோஞ்சானாக நின்ற கீழ்த் துண்டுக்குப் பச்சை, நம்பர் 3. நிலத்தின் வரைபடத்தை டைப்பிஸ்ட் சரோஜா வேறொரு டிராயிங் புரோகிராமில் போட்டாள்.

"மேல ரெண்டு, கீழ மூணு போடும்மா" என்றேன்.

பிளாட்டர் மெஷின் கலர் பேனாக்களை மாற்றி மாற்றிப் பிடித்து வரைந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை! நிறமே பேசுமே என்று துண்டின் பெயரைக்கூட எழுதாமல் சார்ட்டையும் வரைபடத்தையும் துரை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

2. மேட்டில் ஓட்டம்

திரும்பினால் வாசலில் சரோஜா.

"அண்ணே, பச்சைய சாபுட் பண்ணுன்னுட்டாரு தொர. கங்காணி ஆளுங்களோட கெளம்பிட்டாரு."

"புடுங்கட்டும்மா. நோஞ்சான்தானே."

"அப்புறம் ஏண்ணே மேல ஏறுறாங்க?"

துரை மேசையில் கிடந்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். என் சார்ட்டில் சிவப்பாக இருந்த மேல் துண்டு, அவள் வரைபடத்தில் பச்சை! அவள் புரோகிராமில் 2 என்றால் பச்சை, 3 தான் சிவப்பு.

"முருகா!" என்று தாள்களோடு மேடேறி ஓடினேன்.

"நிப்பாட்டுங்க கங்காணி! அது நல்ல செடி!"

"தொர சொன்னது கிராணி. நீ யாரு தடுக்க?"

"கலர் போட்டவன் நான். தொர திட்டுனா என்னையத் திட்டட்டும்!"

மண்வெட்டியை ஊன்றி நின்ற ஓர் அம்மா சிரித்தார். "என்னா கிராணி, கம்ப்யூட்டருக்கும் கண்ணு மங்கிருச்சா லா?"

அதற்குள் நான்கு செடிகள் வேரோடு கிடந்தன. துரையின் ஜீப்பும் வந்தது. இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார்.

"உன் ரெட் ஒண்ணு, அவ ரெட் ஒண்ணு. நான் எத நம்புறது?"

"ரெண்டையும் நம்பாதீங்க தொர. ஒரு மணி நேரம் குடுங்க."

3. ஒரே தாளில்

இரண்டு புரோகிராமிலும் ஒன்று முதல் எட்டு வரை எல்லா நம்பருக்கும் ஒவ்வொரு கோடு, ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைய வைத்தோம். "இதுல ரெண்டு, அதுல மூணு!" "இதுல அஞ்சு, அதுல ஏழு!" ஜோடி சேரச் சேர நானும் சரோஜாவும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம். அந்தப் பட்டியலைப் பார்த்துப் படங்களைத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு நிறத்தின் பக்கத்திலும் துண்டின் பெயரை எழுதினேன். துரை ஆட்களைக் கீழே அனுப்பினார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். புரோகிராம் மாறினால் நம்பரை நம்பாதீர்கள். ஒரே தாளில் வரைந்து கண்ணால் பாருங்கள். பெயரையும் எழுதுங்கள்.

பிடுங்கிய நான்கையும் என் கையாலேயே நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு துளிர்த்தன. மற்ற இரண்டுக்கும் முருகனிடம் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.