முகம் தெரிகிற வெளிச்சம்

டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அடுத்த தடவை வரும்போது வீடியோ எடுத்துட்டு வாங்கம்மா. கண்ணும் வாயும் தெரியணும். மத்தது எதுவும் எனக்கு வேண்டாம்."

இதென்ன பெரிய விஷயம் என்றுதான் அன்று நினைத்தேன். சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குத் திரும்பும் மின்சார ரயிலில் வரும்போதே, தம்பியிடம் இருக்கும் புதுக் கேமராவை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்து வந்த வாரங்களில் அந்தக் கேமராவைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல எத்தனை முறை தோன்றியது என்று சொல்லி முடியாது.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஓயாமல் பேசுகிறவள். பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று நின்றுவிடுவாள். கண் எங்கேயோ நிலைத்திருக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சில நொடிகள்தான். பிறகு ஒன்றும் நடக்காதது போலப் பேச ஆரம்பிப்பாள், ஆனால் விட்ட இடத்திலிருந்து அல்ல. பள்ளியில் கவனமில்லை என்றார்கள். என் கணவர், "கனவு காண்றா, வயசு அப்படி" என்றார். நானும் நம்பத்தான் பார்த்தேன்.

ஒருநாள் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது, என் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தவள் நடு ரோட்டில் நின்றுவிட்டாள். மதுராந்தகம் பஸ் ஒன்று பிரேக் அடித்த சத்தத்தில் எனக்குக் காது அடைத்துப்போனது. கையைப் பிடித்து இழுத்தேன். கையில் பிடிப்பே இல்லை, ஈரத்துணி மாதிரி இருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "ஏம்மா, புள்ளய ரோட்டுல நிக்க வெச்சுகினு இன்னா வேடிக்க பாத்துகினு கீற?" மகள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஓரத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, "ஏம்மா கையை இப்படி நசுக்கற?" என்று என்னைக் கேட்டாள். இன்றும் பஸ் பிரேக் அடித்தால் என் கை தானாக எதையாவது பிடிக்கப் போகும். அலுவலக பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி கையைப் பிடித்திருக்கிறேன்.

தலை முழுக்க ஒயர் ஒட்டிப் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. "சரியா இருக்குன்னு வந்தா வலிப்பு இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா. வெறும் கவனக்குறைவாவும் இருக்கலாம். கண்ணால பாக்காம நான் மாத்திரை ஆரம்பிக்க மாட்டேன்" என்றார் டாக்டர். அவர் அறையில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும் அவள் சமத்தாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகவே வீடியோ.

எங்கள் செல்போனில் எடுத்தால் முகமே கட்டம் கட்டமாகத் தெரியும். போட்டோ எடுக்கிற பெரிய கேமராவிலேயே வீடியோவும் எடுக்கலாம் என்பது புதிதாக வந்திருந்த சமயம் அது. தம்பி ஐ.டி. கம்பெனி வேலையாக அமெரிக்கா போனபோது ஒன்று வாங்கி வந்திருந்தான். கழுத்தில் பச்சைக் குழந்தை மாதிரி தொங்கப் போட்டுக்கொண்டு அலைவான். அதை என்னிடம் கொடுக்கும்போது, "யக்கா, எதுலயும் கை வெக்காத. ஆட்டோல விட்டுடு. கேமராவே எல்லாத்தையும் பாத்துக்கும்" என்றான்.

பார்த்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீடுகளில் யாரைப் படம் எடுத்தாலும், "வெளிச்சத்துக்கு வா" என்று ஜன்னல் பக்கம் இழுத்துப் போவோம். நானும் அதைத்தான் செய்தேன். கூடத்து ஜன்னலுக்குக் கீழே நாற்காலி போட்டு, வீட்டுப்பாடம் எழுதச் சொல்லி உட்கார வைத்தேன். இரண்டாம் நாளே அவளுக்கு அது வந்தது. உடனே எடுத்தேன். போட்டுப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் இலை இலையாகத் தெரிகிறது, எதிர் வீட்டு மாடியில் காயும் லுங்கியின் கட்டம் தெரிகிறது, என் மகளின் முகம் மட்டும் கரிச்சட்டி. அவள் தலை சற்றுச் சாய்ந்ததும் பின்னால் ஜன்னல் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. கேமரா அத்தனையையும் இன்னும் இருட்டாக்கிக்கொண்டது. படச் சட்டத்துக்குள் வருகிற வெளிச்சம் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போடுவதுதான் அதற்குத் தெரியும். அதில் எது என் பிள்ளை என்று தெரியாது.

சாப்பிடும்போதுதான் அவளுக்கு அதிகம் வந்தது. ஆனால் சாப்பிடுகிற பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது என்பதில் கணவர் பிடிவாதமாக இருந்தார். "கண்ணு பட்டுடும்" என்றார். வங்கியில் வேலை செய்கிற மனிதர்.

"யாரு கண்ணு? என் கண்ணா?"

"தட்டுல கை வெச்சிருக்கும்போது வேண்டாம். அவ்ளோதான்."

"அவ சாப்பிடும்போதுதானே வருது! பூஜை பண்ணும்போதா வருது?"

அவர் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டார். கிடைக்கக்கூடிய நல்ல நேரமெல்லாம் அப்படிப் போயிற்று.

அடுத்த முயற்சி, மாலையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில். இந்த முறை முகம் தெரிந்தது. மகிழ்ந்துபோய் சென்னைக்கு எடுத்துப் போனேன். டாக்டர் மடிக்கணினியில் போட்டார். படம் முழுக்க மேலிருந்து கீழாகக் கருப்புப் பட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டில் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது இது எனக்குத் தெரியவே இல்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடியும் போட்டார். "இமை துடிக்குதா, இல்ல ட்யூப்லைட்தான் துடிக்குதான்னு தெரியலையேம்மா" என்றார். பின்னால் சுவர்கூடத்தான் துடித்தது. காலண்டர் துடித்தது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் தேவலாம். "பரவால்ல, இன்னொண்ணு எடுங்க" என்றார், என்னவோ நான் நினைத்தால் வரவழைத்துவிடலாம் என்பது போல.

அன்றே தம்பிக்கு போன் போட்டேன்.

"ஆட்டோல விட்டியா?"

"ஆட்டோலதான்டா விட்டேன்."

"அப்போ ஷட்டர் ஸ்பீடை மாத்து."

"உன் கேமராவுல வீடியோவுக்கு அதெல்லாம் மாத்த முடியாது. எல்லாச் சக்கரமும் போட்டோவுக்கு மட்டும்தான் வேலை செய்யுது."

"அப்படியா?" என்றான். அத்தனை விலை கொடுத்து வாங்கியவன், கூட வந்த புத்தகத்தைப் பிரித்தே பார்க்கவில்லை.

நான் பிரித்தேன். கடற்கரை ஓரமாகப் போகிற அலுவலக பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாடப் புத்தகம் போல அடிக்கோடிட்டுப் படித்தேன். கேமராவின் பின்புறம் நட்சத்திரக் குறி போட்ட ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால், அந்த நொடியில் எவ்வளவு வெளிச்சத்துக்குக் கேமரா தயாராக இருக்கிறதோ அதே அளவில் நின்றுவிடும். பிறகு பின்னால் என்ன வந்தாலும் போனாலும் மாறாது. அதற்குப் பெயர் எக்ஸ்போஷர் லாக். அந்த ஒரு வரியைப் படித்தபோது பஸ்ஸிலேயே எழுந்து நிற்கலாம் போல இருந்தது.

ஆனால் எதைப் பார்த்துப் பூட்டுவது? வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பூட்டினால் முகம் இருட்டு. கருப்புப் பையைப் பார்த்துப் பூட்டினால் முகம் சுண்ணாம்பு. அவள் முகத்துக்கே கேமராவைக் கொண்டுபோனால், "தள்ளிப் போம்மா, மூக்குல இடிக்குது" என்று திரும்பிக்கொள்வாள். கடைசியில் என் புறங்கைதான் உதவியது. அவள் நிறமும் என் புறங்கை நிறமும் ஒன்று. அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டி, திரை முழுக்கக் கையே தெரியும்படி வைத்து, பொத்தானை அழுத்தினேன். பிறகு கையை எடுத்தால் முகம் அப்படியே இருந்தது. ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிரே அவளை உட்கார வைத்து, பகலில் மட்டும் எடுப்பது என்று தீர்மானித்தேன்.

அப்போதும் நிம்மதி இல்லை. வந்த பிறகு வீடியோப் பொத்தானை அழுத்தினால் அதற்குள் முடிந்துவிடும். ஆகவே எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கேமராவோ சில நிமிடங்களுக்கு மேல் ஒரே மூச்சில் ஓடாது, தானாக நின்றுவிடும். நின்றால் பூட்டும் போயிற்று. மறுபடி கை, மறுபடி நட்சத்திரம். ஒருமுறை அது நின்ற அதே நேரத்தில் அவளுக்கு வந்தது. கையில் செத்த கேமராவை வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கும் அலுத்துவிட்டது. "டைரக்டர் மேடம், ஆக்‌ஷன் சொல்லுங்க" என்பாள். ஒருநாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் பென்சிலை வைத்துவிட்டுக் கண்ணை அகல விரித்து அசையாமல் உட்கார்ந்தாள். எடுத்துக்கொண்டே இருந்தேன். அவள் உதடு சிரிப்பில் கோணியது. "போதுமா? டாக்டர்கிட்ட இதையே காட்டிடு. நான் விளையாடப் போறேன்."

பெல்ட்டை எடுத்து அடித்திருந்தால்கூட அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள், அப்படிக் கத்தினேன். அவள் செய்ததில் என்ன தப்பு? தனக்கு அப்படி வருகிறது என்பதையே அவள் நம்பவில்லை. வரும்போது அவள் அங்கே இல்லையே.

தம்பிக்கு ஏதோ சிநேகிதன் கல்யாணத்துக்குக் கேமரா வேண்டியிருந்தது. ஞாயிறு காலையில் வாங்கிப் போக வந்தவன், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "கிளம்புங்க, கடற்கரைக்குப் போலாம்" என்று எங்கள் மூவரையும் காரில் ஏற்றிவிட்டான். மாமல்லபுரம் தாண்டி, மீன்பிடிப் படகுகள் ஏற்றி வைத்திருக்கும் ஒரு மணல்வெளியில் இறங்கினோம். சூரியன் கடலுக்கு மேல் ஏறியிருந்தது. மகள் கையில் மிளகாய்த்தூள் தடவிய மாங்காய். தம்பி கேமராவை வாங்கி, அலை முன்னால் நின்ற அவளை எடுத்துவிட்டுப் பெருமையாகக் காட்டினான்.

"யக்கா, கடலு எப்டி கீது பாரு! ஒவ்வொரு நொரையும் தெரியுது!"

மகள் எட்டிப் பார்த்தாள். "மாமா, அதுல நான் எங்க?"

கடலுக்கு நடுவே ஒரு கருப்பு உருவம் மாங்காய் தின்றுகொண்டிருந்தது.

நான் வாங்கிக்கொண்டேன். அந்த வெயிலில் திரையே தெரியவில்லை. துப்பட்டாவைத் தலையோடு கேமராவின் மேல் போர்த்திக்கொண்டு, என் புறங்கையை அவள் முகத்தருகே நீட்டி, பூட்டினேன். அவள் கடலுக்கு முதுகைக் காட்டியபடி தன் கணக்கு டீச்சர் எப்படி நடப்பார் என்று தம்பிக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தம்பி துப்பட்டாவுக்குள் தலையை விட்டான்.

"ஐயோ யக்கா, பின்னாடி எல்லாம் எரிஞ்சு போச்சு! கடலே காணோம், ஒரே வெள்ளை! ஆட்டோல போடு!"

"சும்மா இருடா."

"டீச்சர் இப்படித்தான் இடுப்புல கைய வெச்சு…" என்றவள் நின்றாள்.

"யக்கா, குடு, நான் போடறேன்" என்று தம்பியின் விரல் பொத்தானுக்கு வந்தது. முழங்கையால் அவன் மார்பில் ஓங்கி இடித்தேன். அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். திரையில் முகம் இருந்தது. கண் மெல்ல இடது பக்கம் போய் நின்றது. உதடு புளியைச் சப்புவது போல அசைந்தது. மாங்காய் விழுந்த பிறகும் விரல்கள் பாவாடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. கணவர் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வெள்ளைச் சட்டை சட்டத்தில் பாதியை அடைத்தது. ஆட்டோவில் இருந்திருந்தால் அந்தச் சட்டைக்கே எல்லாம் இருண்டிருக்கும். முகத்தின் வெளிச்சம் இம்மியும் மாறவில்லை.

"கிடைச்சிடுச்சு" என்று சத்தமாகச் சொன்னேன்.

கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். மகள் கீழே பார்த்து, "என் மாங்கா?" என்றாள்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. பிள்ளை எங்கேயோ போய்விட்டு வந்திருக்கிறாள், எனக்கு அத்தனை சந்தோஷம்.

டாக்டர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்திக் கண்ணையும், இன்னொரு இடத்தில் நிறுத்தி உதட்டையும் தொட்டுக் காட்டினார். "வலிப்புதான்மா. கவனக்குறைவு இல்ல. மாத்திரை ஆரம்பிச்சுடலாம். ரோடு, தண்ணி, மாடி, இந்த மூணும் துணையோட மட்டும்." கேட்க விரும்பாத சொல்லைக் கேட்டு எனக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. கணவர் அந்தச் சொல்லை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். தம்பியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் அதைப் பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன். "என்னைத்தானே எடுத்த? எனக்கு மட்டும் காட்ட மாட்டியா?" கணவர், "காட்டு" என்றார்.

அவள் திரைக்கு மூக்கு படுமளவு குனிந்து பார்த்தாள். டீச்சர் நடை வந்தபோது சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தன் உதடு அசைவதை, தன் விரல் தேய்ப்பதை, அப்பா ஓடி வருவதைப் பார்த்தாள். தம்பி மணலில் விழுகிற சத்தமும், "யக்கா!" என்ற கத்தலும் கேட்டன.

"மாமா கத்தினது எனக்குக் கேக்கவே இல்ல" என்றாள்.

"ம்."

"அப்பா எப்போ வந்தாரு? நான் பாக்கும்போது அங்கயே இருந்தாரு."

கேமராவை அணைக்கக் கையை நீட்டினேன்.

"அணைக்காத" என்றாள். "முதல்ல இருந்து போடு. எங்க நின்னேன்னு பாக்கணும்."